துண்டும் பிரசாவுரிமையும்: மாத்தளைத் தோட்டங்களில் வேலையிழந்தோர் வரலாறு

வேலையிழந்த ஒருவன் மறுவேலை தேடிச் செல்லும்போது அவனுக்குத் துணைநிற்பது அவனது கைத்திறனே என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். மாத்தளை மாவட்டத்துப் பெருந்தோட்டங்களின் வரலாறு இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது. 1880களில் கோப்பி வீழ்ந்தபோதும், 1970களில் காணிச் சீர்திருத்தம் நிகழ்ந்தபோதும் இங்கு தொழிலாளர் பெருந்தொகையாக வேலையிழந்தனர். இவ்விரு காலங்களிலும் அவர்களது மறுவாழ்வைத் தீர்மானிப்பதில் கைத்திறனைவிடப் பிறர் எழுதிக்கொடுத்த தாளொன்றே முதன்மை பெற்றது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கின்றது.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்ப் பகுதியிற் கரையிறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாகவே மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் இவ்வழியில் மாண்டோர் பலராவர். அவ்வகையில் மாத்தளை மலைநாட்டின் வடக்கு வாயிலாக விளங்கியது. கோப்பிப்பழம் பறித்தல் பருவகாலத் தொழிலாதலால், பருவம் முடிந்ததும் அவர்களிற் பெரும்பாலோர் ஊர் திரும்புவதே வழக்கமாயிருந்தது.

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் இந்நிலையைத் தலைகீழாக மாற்றிற்று. 1870ஆம் ஆண்டளவில் சுமார் பத்து இலட்சம் அந்தராக இருந்த கோப்பி ஏற்றுமதி, 1880களின் இறுதியில் அதன் பத்திலொரு பங்களவிற்குச் சுருங்கியது. கோப்பியின் வளத்தை நம்பித் திட்டமிடப்பட்ட கண்டி - மாத்தளை இருப்புப்பாதை 1880இல் திறக்கப்பட்டபோது, அது ஏற்றிச்செல்ல வேண்டிய பயிரே நோயுற்றிருந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும். தோட்டங்களுக்குக் கடன் வழங்கிவந்த ஓரியன்டல் வங்கி 1884இல் முறிந்தது. துரைமார் பலர் வங்குரோத்து நிலையை அடைந்தனர். மாதக்கணக்கிற் சம்பளம் பெறாத தொழிலாளர் பலர் வெறுங்கையுடன் இந்தியா திரும்பினர்.

எஞ்சியோருக்கு வேறு வேலை இல்லாமற் போகவில்லை. 1875இல் சுமார் 1,000 ஏக்கரில் மட்டுமே காணப்பட்ட தேயிலை 1895இல் ஏறத்தாழ 3,00,000 ஏக்கருக்குப் பரவியிருந்தது. மாத்தளையிற் கொக்கோவும், பின்னர் இறப்பரும் இடம்பெற்றன. கோப்பிப்பழம் பறித்த கைகள் கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் பால் வெட்டவும் பழகிக்கொண்டன. எனவே திறன் ஒரு தடையாக அமையவில்லை என்பது தெளிவு.

தடையாக அமைந்தது கடனே. தொழிலாளியின் பயணச் செலவும் முற்பணமும் கங்காணியின் கணக்கில் அவனது கடனாகப் பதியப்பட்டன. ஒரு தோட்டத்தை விட்டுச் செல்ல வேண்டுமாயின், இன்ன தொகையைச் செலுத்தினால் இவரை விடுவிப்போம் என அத்தோட்டத்துத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அவசியமாயிற்று. இதுவே 'துண்டு' எனப்பட்டது. புதிய துரை அத்தொகையைச் செலுத்திய பின்னரே கங்காணியும் அவனது ஆட்களும் அங்கு பதியப்படுவர். செலுத்தப்பட்ட பணம் மீண்டும் அவர்கள் தலையிலேயே கடனாக ஏறும். துண்டைத் தேடித் தோட்டந்தோட்டமாகப் பேரம் பேசுபவன் கங்காணி. பேரம் பேசப்பட்ட தொழிலாளிக்கோ அதில் எழுதப்பட்டிருந்ததை வாசிக்கவும் தெரியாது. சொல்லாமல் வெளியேறுவது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. இம்முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்து முப்பது ஆண்டுகள் நிறைவுறுமுன் வேறொரு தாளின் தேவை எழுந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டும், பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் நிலை பின்னர் பேசப்படுவதற்கென ஒதுக்கப்பட்டது.

இச்சூழலிலேயே 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் வைத்திருக்கத்தக்க காணியின் உச்சவரம்பு 50 ஏக்கர் என்றும், வயற்காணி 25 ஏக்கர் என்றும் அது விதித்தது. கம்பனித் தோட்டங்கள் 1975 வரை தீண்டப்படவில்லை. ஆகவே தனியார் தோட்டங்கள் மிகுந்திருந்த மாத்தளை போன்ற மத்திய உயரப் பகுதிகளே முதலில் தாக்கமுற்றன. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுக் கிராமத்தவர்க்குப் பகிரப்பட்டன. வேறு சில கூட்டுறவு அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. வேலையும் லயமும் ஒருங்கே இழந்த தொழிலாளர், நாடற்றோர் என்ற காரணத்தால் காணி பெறுவோர் வரிசையில் இடம்பெறவில்லை. 1973 - 74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சமும் சேர்ந்துகொள்ள, பலர் நகரத் தெருக்களிற் கையேந்தும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

கண்டியச் சிங்களக் குடியானவரின் காணிப்பசி பொய்யானதன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் அவர்களது சேனைகளையும் காடுகளையும் பறித்தது. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி மாத்தளை மண்ணிலேயே மூண்டது. அநீதிக்குப் பரிகாரம் தேடியது தவறன்று. ஆயினும், வெள்ளையர் ஆட்சி செய்த அநீதிக்கான விலையை அவர்களது தோட்டங்களிற் கூலிக்கு உழைத்தவரின் சந்ததியிடம் அறவிட்டமையை நீதியெனக் கொள்ளல் இயலாது.

இந்தியா செல்லாத குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. 1977ஆம் ஆண்டின் இனவன்செயலுக்குப் பின்னர் இப்பெயர்வு மேலும் பெருகிற்று. மூதாதையர் தெற்குநோக்கி நடந்துவந்த அதே திசைவழியில் பேரப்பிள்ளைகள் மாத்தளையையும் தம்புள்ளையையும் கடந்து வடக்குநோக்கிச் சென்றனர். தேயிலையை மட்டுமே அறிந்தவரெனக் கருதப்பட்ட இவர்கள் வன்னியிற் காடு வெட்டிக் கிணறு தோண்டி மிளகாயும் உழுந்தும் பயிரிட்டனர். கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியவரின் வழித்தோன்றல்கள் தமது தொழிலாற்றலை மீண்டும் ஒருமுறை நிறுவினர் எனலாம்.

இரு காலங்களையும் ஒப்புநோக்குமிடத்து ஒரு வேறுபாடும் புலனாகும். துண்டு தொழிலாளியைக் கடனாற் கட்டியது. எனினும் அடுத்த தோட்டத்தின் கதவை அது திறந்தது. பிரசாவுரிமைத்தாள் இல்லாமையோ அவனுக்கு எக்கதவையும் திறக்கவில்லை. இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. 1972இல் மாத்தளை லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ஒருவனுக்கு அது முப்பத்தோராண்டு தாமதித்து வந்த தாளாகும். வேலையிழப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் சந்தை விலையையும் பயிர் நோயையும் ஆராய்வதோடு அமையாது, வேலையிழந்தவன் கையில் எந்தத் தாள் இருந்தது, அதனை எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும்.