சுரங்கக் காற்றும் டேவி விளக்கும்

வடகிழக்கு இங்கிலாந்தில் டைன், வேர் ஆறுகளை ஒட்டிய நிலக்கரிச் சுரங்கங்கள் 18ஆம் நூற்றாண்டில் மேலும் மேலும் ஆழமாகத் தோண்டப்பட்டபோது, அவற்றில் உழைத்தவர்கள் வேதியியலார் பெயர் சூட்டுவதற்கு முன்பே காற்றை வகை பிரித்து அறிந்திருந்தனர். நிலக்கரிப் படிவத்தின் வெடிப்புகளிலிருந்து கசிந்து தீப்பற்றும் வாயுவை அவர்கள் ஃபயர்டாம்ப் என்றனர். மூச்சை அடைத்து விளக்கை அணைப்பதை பிளாக்டாம்ப் என்றும், வெடிப்புக்குப் பின் சுரங்கத்தை நிறைத்து, தீயிலிருந்து தப்பியவர்களையும் சாய்த்துவிடும் நச்சு ஆவியை ஆஃப்டர்டாம்ப் என்றும் அழைத்தனர். முதலாவது பெரும்பாலும் மீத்தேன்; இரண்டாவது கார்பன் டைஆக்சைடும் நைட்ரஜனும் சேர்ந்தது; மூன்றாவதில் உயிரைப் பறிக்கும் கூறு கார்பன் மோனாக்சைடு.

நீரைப் போலவே வாயுவும் ஒரு பாய்மம், அதாவது தனக்கென வடிவமின்றி, இருக்கும் இடத்தின் வடிவை ஏற்று ஓடும் பொருள். மீத்தேனின் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் பாதியைச் சற்றே தாண்டுவதால் அது காற்றோட்டமற்ற இடங்களில் கூரையை ஒட்டித் திரளும். கார்பன் டைஆக்சைடு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானதாகையால் தரையின் பள்ளங்களில் தேங்கும். ஆயினும் நடமாட்டமோ காற்றோட்டமோ இவற்றைக் கலக்கிவிட்டால் எங்கும் ஒரே சீரான, ஒருபடித்தான கலவை உருவாகிறது. பின்னர் அது தானாக அடுக்குகளாகப் பிரிவதில்லை. இக்கலவையில் மீத்தேனின் பங்கு 5 சதவீதத்துக்கும் 15 சதவீதத்துக்கும் இடையே இருந்தால் ஒரு மெழுகுவத்தியே வெடிப்பை உண்டாக்கப் போதும். அதற்குக் குறைந்தாலும் மிகுந்தாலும் அது வெடிப்பதில்லை.

இந்த வரம்பு எண்களாக அறியப்படாத காலத்தில், ஈரச்சாக்கைப் போர்த்திய ஒருவர் தரையில் தவழ்ந்து சென்று, நீண்ட கோலின் முனையில் கட்டிய எரியும் திரியைக் கூரைக்கு உயர்த்தி, திரண்டிருந்த வாயுவை மற்றவர்கள் இறங்குமுன் எரித்துத் தீர்ப்பது சில இடங்களில் வழக்கமாக இருந்தது. பின்னர், வைட்ஹேவனைச் சேர்ந்த கார்லைல் ஸ்பெடிங் உருவாக்கிய எஃகுச் சக்கரம் வந்தது. சிறுவன் ஒருவன் அதைச் சுழற்ற, சிக்கிமுக்கிக் கல்லில் உரசிப் பறக்கும் பொறிகளின் வெளிச்சத்தில் மற்றவர்கள் கரி வெட்டினர். பொறி தீப்பற்ற வைக்காது என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலைக்கவில்லை. அழுகிய மீன்தோலின் மங்கிய ஒளியில்கூட வேலை செய்ய முயன்றிருக்கிறார்கள் என்பதிலிருந்து அவர்களுடைய இக்கட்டை ஒருவாறு உணரலாம்.

1812 மே 25 அன்று கேட்ஸ்ஹெட்டுக்கு அருகிலுள்ள ஃபெல்லிங் சுரங்கம் வெடித்து, ஆண்களும் சிறுவர்களுமாக 92 பேர் மாண்டனர். அவர்களில் பலரை அடக்கம் செய்த பங்குக் குரு ஜான் ஹாட்ஜ்சன், விபத்துச் செய்திகள் பரவுவதைச் சுரங்க உரிமையாளர்கள் விரும்பாத அக்காலத்தில், நடந்ததை விரிவாக எழுதி வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக 1813இல் சண்டர்லாந்தில் விபத்துத் தடுப்புக்கென ஒரு சங்கம் தோன்றியது. இச்சங்கம் பாதுகாப்பான விளக்கு ஒன்றுக்காக 1815இல் வேதியியலார் ஹம்ஃப்ரி டேவியை நாடியது. பாதுகாப்பு விளக்கின் வரலாற்றில் ஹாட்ஜ்சனுக்கு உரிய இடம் இன்னும் அளிக்கப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

வெடிக்கும் பொருள்களின் இயல்பை டேவி தம் உடலிலேயே அறிந்திருந்தார். 1812இல் நைட்ரஜன் டிரைகுளோரைடு என்னும் சேர்மத்தை ஆராய்ந்தபோது அது வெடித்து அவருடைய கண்ணில் காயம்பட்டது. எழுத இயலாதிருந்த நாள்களில் உதவிக்கு வந்த இளைஞர் மைக்கேல் ஃபாரடே, மறு ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவருடைய ஆய்வக உதவியாளரானார். விளக்குக்கான ஆய்விலும் ஃபாரடே உடனிருந்தார். ஹாட்ஜ்சன் புட்டிகளில் அடைத்து அனுப்பிய சுரங்க வாயுவைக் காற்றுடன் வெவ்வேறு விகிதங்களில் கலந்து எரித்துப் பார்த்த டேவி, ஒரு பங்கு வாயுவுக்கு ஏழெட்டுப் பங்கு காற்று சேரும்போது வெடிப்பு உச்சம் அடைவதையும், இவ்வாயு தீப்பற்றப் பிற எரிவாயுக்களைவிட மிகுந்த வெப்பம் வேண்டியிருப்பதையும், குறுகிய உலோகக் குழாய்களின் வழியே சுடர் பரவாமல் அணைந்துவிடுவதையும் கண்டறிந்தார். உலோகம் சுடரின் வெப்பத்தை விரைந்து உறிஞ்சிவிடுவதால், அப்பால் உள்ள வாயு தீப்பற்றும் வெப்பநிலையை எட்டுவதில்லை. மிகக் குறுகிய, எண்ணற்ற குழாய்களின் தொகுப்பாகக் கொள்ளத்தக்க கம்பி வலையால் சுடரை முழுவதும் மூடும் எண்ணம் இதிலிருந்தே பிறந்தது. 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் அவ்விளக்கு சோதிக்கப்பட்டது. டேவி அதற்குக் காப்புரிமை கோரவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் பொறியாளராக இருந்த ஜார்ஜ் ஸ்டீஃபன்சன், ஏட்டு வேதியியல் ஏதுமின்றி, சுரங்கத்திலேயே செய்த சோதனைகளின் வழியே ஒரு பாதுகாப்பு விளக்கை அமைத்திருந்தார். யார் முந்தியவர் என்பது குறித்து எழுந்த பூசல் கசப்பானது. இருவரும் தனித்தனியே முடிவை எட்டினர் எனக் கொள்வதே நேர்மையானது.

வலைவிளக்கு ஒளி தந்ததோடு ஓர் அளவுகருவியாகவும் பயன்பட்டது. காற்றில் மீத்தேன் கலந்திருந்தால் தாழ்த்திய சுடரின் மேல் மங்கிய நீலத் தொப்பி ஒன்று தோன்றும். வாயு மிகுந்தால் அது உயரும். பிளாக்டாம்ப் இருந்தாலோ சுடர் சுருங்கும். ஆய்வகத்தில் புட்டிக்குள் அளந்த கலவையை, பயிற்சி பெற்ற தொழிலாளி இவ்வாறு சுரங்கத்தின் எந்த மூலையிலும் கண்ணால் மதிப்பிட முடிந்தது. இதுவே இவ்விளக்கின் தலையாய பயன்.

எனினும் 1835இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு தொகுத்த கணக்கு வருந்தத்தக்கது: டர்ஹம், நார்தம்பர்லாந்து மாவட்டங்களில் விளக்குக்கு முந்தைய 18 ஆண்டுகளில் 447 பேரும், அதற்குப் பிந்தைய 18 ஆண்டுகளில் 538 பேரும் இறந்திருந்தனர். கரி உற்பத்தி பெருகியது ஒரு காரணம்; ஆனால் வாயு மிகுதியால் கைவிடப்பட்ட படிவங்களை விளக்கின் துணிவில் மீண்டும் திறந்ததும் கணக்கில் சேர வேண்டும். வலுவான காற்றோட்டத்தில் சுடர் வலையைத் தாண்டிவிடும். வலையில் ஒரு கிழிசல் இருந்தாலும் காப்பு இல்லை. வெளிச்சம் போதாமல் வலையைக் கழற்றியவர்களும் உண்டு. காற்றோட்ட வழிகளுக்குச் செலவிட வேண்டியதைத் தவிர்க்க விளக்கைச் சாக்காக்கிய உரிமையாளர்களின் பொறுப்பு, கழற்றிய தொழிலாளியின் பொறுப்பைவிடப் பெரியது.

மற்றொரு கலவையை எந்த விளக்கும் காட்டவில்லை. 1844இல் ஹாஸ்வெல் சுரங்கத்தில் 95 பேர் இறந்தபோது, அரசு விசாரணைக்கு அனுப்பியவர்களுள் ஃபாரடேயும் நிலவியலறிஞர் சார்லஸ் லயலும் இருந்தனர். அங்கே காற்றின் வேகத்தை அளக்க ஒரு சிட்டிகை வெடிமருந்தை மெழுகுவத்தியில் தூவிப் புகையைக் கவனித்தார்கள். மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஃபாரடே வினவியபோது, அவர் அமர்ந்திருந்த மூட்டையையே சுட்டிக்காட்டினார்கள். இருவரும் அளித்த அறிக்கை, காற்றில் எழும்பி மிதக்கும் கரித்தூள் வாயுவின் வெடிப்பை ஊட்டி வளர்க்கிறது என்றது. வாயுவும் காற்றும்போல் ஒன்றாய்க் கலக்காமல், துகள்கள் தனித்தனியே மிதக்கும் பலபடித்தான கலவை இது. அதனால் சுடரின் தொப்பியில் அது தெரிவதில்லை. அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1906இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் கரித்தூள் வெடித்து 1,099 பேர் மாண்டனர். 1908இல் இங்கிலாந்தின் ஆல்டாஃப்ட்சில் வில்லியம் கார்ஃபோர்த் பெரிய அளவில் நடத்திய சோதனைகள், எரியாத கல்தூளைக் கரித்தூளுடன் போதிய அளவு கலந்துவிட்டால் தீ பரவாது என்பதைக் காட்டின. அதன் பின்னரே சுரங்க வழிகளின் தரையிலும் சுவரிலும் கல்தூள் தூவுவது பிரிட்டனில் விதியாக்கப்பட்டது.