பழைய கணிப்பொறியும் கட்டற்ற இயங்குதளமும்

பழைய கணிப்பொறி ஒன்று வீட்டின் மூலையில் முடங்கிக் கிடக்கிறது. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை அதில் ஏற்றிவிட்டால் என்றென்றும் உழைக்கும் எனப் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை எத்துணைப் பொருத்தமுடையது? லினக்ஸின் வரலாறே இதற்கு விடை கூறும்.

எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுடைய இயங்குதளம் ஒன்றை உருவாக்கப் போவதாக 1983ஆம் ஆண்டு அமெரிக்கர் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தார். குனூ என்பது அதன் பெயர். கருவிகள் பல ஆயத்தமாயின; பொறியையும் நிரல்களையும் இணைக்கும் கருநிரல் மட்டும் நிறைவுறவில்லை. அக்குறையைத் தீர்த்தவர் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991ஆம் ஆண்டு, 21 வயதில், தம் வீட்டுக் கணிப்பொறியின் இன்டெல் 386 செயலிக்காக அவர் எழுதிய கருநிரலே லினக்ஸ். 1992இல் அதனைக் குனூ பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். ஆகவே, லினக்ஸ் வீட்டுக் கணிப்பொறியில் பிறந்த பிள்ளை.

பின்னர் நிகழ்ந்தது யாது? 2012 டிசம்பரில் அதே 386 செயலிக்கான ஆதரவு லினக்ஸினின்று நீக்கப்பட்டது. அம்மாற்றத்தை ஏற்றுக்கொண்டவரும் டோர்வால்ட்ஸே! இதில் வஞ்சகம் ஏதுமில்லை. பிந்திய செயலிகளில் உள்ள சில கட்டளைகள் 386இல் இல்லை. அதற்கெனத் தனி நிரல்களைப் பேணுவது ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இடர் தந்தது; பயன்படுத்துவோரோ அருகிவிட்டனர்.

1993இல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியனிலும் இதுவே நிகழ்ந்தது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பில், பழைய 32 பிட் கணிப்பொறிகளில் நிறுவுவதற்கான வசதி நிறுத்தப்பட்டது. முன்பு 50 மெகாபைட்டுக்குள் அடங்கிய டேம் ஸ்மால் லினக்ஸ், 2024இல் மீண்டு வந்தபோது ஏறத்தாழ 700 மெகாபைட் ஆயிற்று.

அங்ஙனமாயின் உரிமையால் பயன் என்ன? பெரும்பயன் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தபின், அதனைத் திருத்தி வழங்கப் பிறர்க்கு உரிமையில்லை. கட்டற்ற மென்பொருளிலோ, ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடரலாம். ஆஸ்திரேலியாவில் பேரி காவ்லர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸை, அவர் பொறுப்பினின்று விலகிய பின்னரும் ஆர்வலர்கள் வளர்த்து வருகின்றனர்.

ஆதலின், தேர்ந்தெடுப்போர் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். செயலி 32 பிட்டா, 64 பிட்டா? நினைவகம் எவ்வளவு? பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டுவரை வரும், அவற்றைச் செய்வோர் யாவர்? முதலிரண்டையும் பலர் கேட்கின்றனர், மூன்றாவதை மறந்துவிடுகின்றனர். பொறியின் ஆயுளை முடிவு செய்வதோ அம்மூன்றாவது வினாவே. நிறுவுமுன் யூஎஸ்பி விரலியிலிருந்து ஒருமுறை இயக்கிப் பார்ப்பதும் நன்று.

விலையில்லாப் பொருளுக்கும் பேணுவோரின் உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பு எங்கே தொடர்கிறது என்று பார்த்துத் தேர்வதே அறிவுடைமை.