கதையும் கல்லெழுத்தும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கொடும்பாளூர் வரும். இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர் வீற்றிருந்த ஊர் அது. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள மூவர் கோயிலைக் காண வருவோருட் பலர், அதனை எடுப்பித்த பூதி விக்கிரமகேசரியைப் பற்றி வினவுவதில்லை. “வானதியின் ஊர் இதுதானே?” என்றே வினவுகின்றனர். அமரர் கல்கி இயற்றிய ‘பொன்னியின் செல்வன்’ விளைத்த விந்தை அது.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் வெளிவந்த அந்நெடுங்கதை ஐந்து பாகங்களைக் கொண்டது. ஒற்றர், சுரங்கவழி, கடற்புயல், சதி, கொலை என வீரசாகசக் கதைக்கு வேண்டுவன யாவும் அதில் உண்டு. ஆயினும் அதைப் படித்தோர் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். இதழிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்த பாகங்களை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் வாதிட்டதை நான் சிறுவனாக இருந்து கேட்டிருக்கிறேன். “சோழர் வரலாற்றை நமக்குக் கற்பித்த நூல்” என்பார் ஒருவர். “வரலாற்றின் பெயரால் கட்டிய கோட்டை” என்பார் மற்றொருவர். “ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்று திட்டமாகச் சொல்லாமல் கதையை முடித்துவிட்டாரே!” என்பது மூன்றாமவரின் மனக்குறை. கதை திடுமென முடிந்துவிட்டதென வாசகர் பலர் குறைபட்டதும், ஆசிரியர் முடிவுரை எழுதி விடையிறுத்ததும் பலரும் அறிந்தவையே.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், மாணவன் ஒருவன் வரலாற்றுத் தேர்வில் கரிகாலன் கொலைக்கு நந்தினியே காரணம் என்று எழுதியிருந்தான். நந்தினி கற்பனைப் பாத்திரம் என்று குறிப்பெழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவன் விடைத்தாளும் கையுமாக வந்து, “அப்படியானால் கொன்றவர் யார், ஐயா?” என்று பணிவுடன் கேட்டான். “பாடநூலில் இல்லாததைக் கேளாதே” என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிழையைச் சுட்டிய எனக்கு உண்மை தெரிந்திருக்கவில்லை.

பின்னரே தேடிப் படித்தேன். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் ஒரு கல்வெட்டு உளது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டினதென ஆய்வாளர் கொள்ளும் அதில், கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்னும் உடன்பிறந்தார் குறிக்கப்பெறுகின்றனர். அவர்தம் உறவினரின் உடைமைகள் பற்றிய அரசாணையும் அதில் உண்டு. எனவே இரவிதாசன் கல்கியின் கற்பனையில் மட்டும் பிறந்தவன் அல்லன். ஆயின் அவர்கள் ஏன் கொன்றனர், எவர் தூண்டினர் என்பன பற்றிக் கல் வாய் திறக்கவில்லை.

கல் நின்ற இடத்தில் அறிஞர்களும் இரு கூறாயினர். கரிகாலனுக்குப்பின் பட்டமெய்திய உத்தமசோழன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆண்டான். நீலகண்ட சாத்திரியார் அவன்மீது ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. சிற்றப்பன் நாட்டை விரும்பியமையால் அருண்மொழி அரசை உள்ளத்தாலும் விழையவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. அச்சொற்களில் ஒருவர் பேராசையைக் கண்டார். மற்றொருவர் பெருந்தன்மையைக் கண்டார்.

கல்கி என் செய்தார்? மதுராந்தகன் என வளர்ந்தவன் வேறு, உண்மையான உத்தமசோழன் வேறு எனக் கதையைத் திருப்பி, பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனை அரியணையில் அமர்த்தினார். “இது நம்பத்தக்கதன்று” என்று நம் திண்ணைப் பெரியவர்கள் சினந்தனர். எனக்கோ அதில் ஒரு நீதி தோன்றுகிறது. சான்று போதாத குற்றத்தை மறைந்த மன்னன்மீது சுமத்த அவர் உடன்படவில்லை என்று கொள்கிறேன். அவர் கருத்து அதுவேயென நான் அறுதியிட்டுக் கூற இயலாது; வாசகர் கருத்துகளுள் இதுவும் ஒன்று.

அம்மாணவனின் வினாவுக்கு விடையாக, மறு ஆண்டு வகுப்பினரைக் கொடும்பாளூருக்கு அழைத்துச் சென்றேன். மூன்று விமானங்களுள் இரண்டே எஞ்சி நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் உளது. தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் விக்கிரமகேசரி அவற்றை எடுப்பித்த செய்தியை வடமொழிக் கல்வெட்டு உரைக்கிறது. அதில் வானதியின் பெயர் இல்லை. பிள்ளைகளின் முகம் வாடிற்று. “வருந்தாதீர்கள், வானதியைத் தேடி வந்ததால் அல்லவா கற்றளியையும் வரகுணையையும் அறிந்தீர்கள்?” என்றேன்.

2022, 2023 ஆம் ஆண்டுகளில் அக்கதை திரைப்படமாக இரு பாகங்களில் வந்தபோது பழைய வாதங்கள் மீண்டும் எழுந்தன. என் பேரப்பிள்ளைகளும் கொன்றவர் யார் என்று தம்முள் பூசலிட்டனர். இம்முறை நான் அவர்களை விலக்கவில்லை. உடையார்குடிக் கல்லெழுத்தின் செய்தியை அவர்கள்முன் படித்துக் காட்டி, “கல் சொல்வது இவ்வளவே, இதற்குமேல் நீங்கள் சொல்வது உங்கள் கருத்து” என்றேன். அந்த ஒரு வரியை அன்றே அம்மாணவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவன் இவ்வுரையை எங்கேனும் கேட்பானாயின், குறைத்த மதிப்பெண் சரியே எனினும் கூறாத விடைக்காக என்னைப் பொறுத்தருள்வானாக.