மட்டாஞ்சேரி டூ டெல் அவிவ்

கொச்சியிலிருந்து டெல் அவிவ் நேர்கோட்டில் சுமார் 4,900 கிலோமீட்டர். இடையில் இறங்காமல் பறந்தால் ஏழு மணி நேரத்துக்குள் போய்விடலாம். துபாயிலிருந்து நான் கொச்சி வரவே நாலு மணி நேரம் ஆகிறது!

மட்டாஞ்சேரிக் கிளையில் வேலை பார்த்தபோது, தினமும் ஜூ டவுன் வழியாகத்தான் நடப்பேன். 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் அங்கேதான் இருக்கிறது. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் வீடுவாசலை விற்றுவிட்டு பம்பாய் போய், அங்கிருந்து விமானம் ஏறினார்கள். இறங்கிய லோத் விமான நிலையத்துக்கு இன்று பென் குரியன் என்று பெயர். கடைத்தெருவில் வியாபாரம் செய்தவர்களுக்கு நெவாத்திமில் பாலைவன விவசாயம்.

மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஆலயத்தின் உள் மரவேலைகளும் பின்னர் அவர்கள் வழியே போய்விட்டன. இப்போது ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கும்பகோணம் வீட்டை விற்றுவிடலாமா என்று தம்பி போனில் கேட்கிறான். இன்னும் பதில் சொல்லவில்லை.