தேநீர்ச்சாலையும் ஓர் ‘இல்லாவிட்டாலும்’



கந்தோர் வேலை ஒன்றைக் கணனிக்கு மாற்றும்போது வரைபடத்தில் ஒரு சாய்சதுரம் போடுவார்கள். தொகை ஆயிரம் பவுணுக்கு மேலா? ஆம் என்றால் முகாமையாளரிடம், இல்லை என்றால் நேரே காசாளரிடம். இன்று இது சின்ன விஷயம். ஆனால் ஜேர்மனியில் கொன்ராட் சூசே 1941இல் இயக்கிக் காட்டிய இசட்-3, அமெரிக்காவில் 1944இல் வந்த ஹாவார்ட் மார்க்-1 ஆகிய இரண்டும், நாடாவில் துளையிட்ட கட்டளைகளை வரிசையாகச் செய்துகொண்டே போயின. விடையைப் பார்த்து வழி மாற அவற்றுக்குத் தெரியாது. சார்ள்ஸ் பபேஜ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்குத் திட்டம் போட்டிருந்தார். அவருடைய இயந்திரந்தான் கட்டி முடியவில்லை.

வியாபாரத்துக்குள் இது வந்த கதைதான் எனக்குப் பிடித்தது. லண்டனில் தேநீர்ச்சாலைகள் நடத்திய லயன்ஸ் கம்பனி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணனியைப் பின்பற்றி, சுமார் 6000 வால்வுகளோடு ‘லியோ’ என்ற கணனியைத் தானே கட்டியது. தேத்தண்ணிக் கடைக்காரர் கணனி கட்டுகிறார் என்றால் ஊரில் சிரித்திருப்பார்கள்! 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கு அதில் ஓடியது.

1950களின் நடுப்பகுதியில் கடைகளின் ஓடர்களும் லியோவுக்கு வந்தன. ஒவ்வொரு கடைக்கும், கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும், வழமையான ஓடர் ஒன்று முன்கூட்டியே பதிவாகியிருக்கும். கடையை நடத்திய பெண்மணி மாற்றம் இருந்தால் மட்டும் தொலைபேசியில் சொல்வார். மறுமுனையில் இருப்பவர் கேட்டபடியே அட்டையில் துளையிடுவார். மாற்றம் வந்ததா? வந்தால் அதன்படி அனுப்பு. இல்லாவிட்டால் வழமைப்படி அனுப்பு. தினமும் படிவம் நிரப்பும் தொல்லை போயிற்று.

அந்த ‘இல்லாவிட்டால்’ தான் என்னை யோசிக்க வைக்கிறது. பேசாமல் இருப்பதும் ஒரு பதிலாகிவிட்டது. பாண் விஷயத்தில் அது நல்ல ஏற்பாடு. தவறினால் நாலு பணிஸ் மிஞ்சும், அவ்வளவுதான். ஆனால் இத்தனை நாளுக்குள் பதில் வராவிட்டால் விண்ணப்பத்தை மூடு என்று எழுதிய படிவங்கள் எங்கள் வீடுகளுக்கும் வருகின்றன. ஆங்கிலக் கடிதத்தை மகள் வரும்வரை மேசையில் வைத்திருக்கும் தாயாரையும், விருப்பமில்லாமல் விட்டவரையும் அந்தக் கிளை ஒன்றாகவே எண்ணும். முன்பு இருந்த இலிகிதர் ஒருவேளை தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். கேட்கும்படி மூன்றாவது கிளை ஒன்று வரையலாம். அதற்குக் கணனி தடையில்லை, வரைபவர் நினைக்க வேண்டும்.

முதல் லியோ 1965இல் நிறுத்தப்பட்டது. லயன்ஸ் தேநீர்ச்சாலைகளும் இப்போது இல்லை.