சாவடி முதல் சுங்கச்சாவடி வரை

அரசுப் பலகையில் அது ராஜீவ் காந்தி சாலை. ஷேர் ஆட்டோக்காரருக்கும் வாடகைக்கு வீடு தேடுபவருக்கும் ஓ.எம்.ஆர்., அதாவது ஓல்டு மகாபலிபுரம் ரோடு. சென்னையின் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசைகட்டி நிற்கும் சாலையின் பெயரில் ஒரு 'பழைய'! கிழக்குக் கடற்கரைச் சாலை வந்ததும் மாமல்லபுரம் போக இரண்டு வழியாகிவிட்டது; மூத்ததற்கு இந்த அடைமொழி ஒட்டிக்கொண்டது.

மூத்த சாலைக்குத் துணையாகக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே எண்ணூரை நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய், பிற்பாடு தெற்கே மரக்காணம் வரை நீண்டது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். அப்போது சூட்டியதுதான் ஆளுநர் பக்கிங்காமின் பெயர். விறகும் உப்பும் படகில் நகருக்கு வந்தன. கரையோரம் நடந்தோ வண்டி கட்டியோ போனவர்களுக்குச் சாவடிகள் இருந்தன. சாவடி என்றால் வழிப்போக்கர் திண்ணையில் துண்டை விரித்துப் படுக்கும் இடம். காசு கேட்க மாட்டார்கள். கந்தன்சாவடி என்ற ஊர்ப்பெயரில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2000 ஜூலையில் தரமணியில் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். தெற்கே சிறுசேரியில் சிப்காட் வளாகம் எழுந்தது. இடையில் கிடந்த வயலும் ஏரிக்கரையும் மனை எண்களாயின. தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கி.மீ. நீளத்துக்கு ஆறுவழிச் சாலை போட்டது, 2008-ல் திறப்பு. கூடவே கந்தன்சாவடிக்கு அடுத்த பெருங்குடியிலேயே இன்னொரு சாவடி முளைத்தது. இங்கே துண்டு விரிக்க முடியவில்லை, சில்லறை எடுத்து நீட்ட வேண்டியிருந்தது.

இந்தச் சாலைக்கு 'எக்ஸ்பிரஸ்வே' என்றும் ஒரு பெயர். ஆனால் பேருந்து நிறுத்தம், சிக்னல், குறுக்குத் தெரு, டீக்கடை எல்லாம் இதன் மேலேயே. ஊர்களின் நடுவே போகும் சாலையை அகலப்படுத்தலாம். ஊரை ஓரமாகத் தள்ளிவைக்க முடியுமா?

தண்ணீரையும் தள்ளிவைக்க முடியவில்லை. சாலைக்கு மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், கிழக்கே கால்வாய். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகச் சாலைப் பாலத்துக்கு அடியில் புகுந்து, கால்வாயில் கலந்து, முட்டுக்காட்டில் கடல் சேர வேண்டும். வேறு பெரிய வாசல் அந்த நீருக்கு இல்லை. பாலத்தின் மேல் ஆறு வழி. கீழே நீருக்கு ஒரே வழி. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளில் படகு விட வேண்டியிருந்தது.

இப்போது மேம்பாட்டின் அடுத்த சுற்று. மாதவரம்–சிப்காட் மெட்ரோ தடம் சாலையின் நடுவே தூண் ஊன்றி மேலே ஓடப்போகிறது. அதற்காகத் தடுப்புத் தகரம் அடைத்ததில் வண்டிகளுக்கான வழி சுருங்கியது. சுருங்கிய சாலைக்குச் சுங்கம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதானே. 2021 ஆகஸ்ட் 30 முதல் பெருங்குடி உட்பட நான்கு சுங்கச்சாவடிகளில் வசூல் நின்றது. மிஞ்சியிருந்த நாவலூரில் 2023 அக்டோபரில். அதே ஆண்டு நவம்பரில் இந்திரா நகர் சந்திப்பில் 'யு' வடிவ மேம்பாலம் திறந்தார்கள். சிக்னலுக்குக் காத்திருந்தவர்கள் இப்போது பாலமேறித் திரும்புகிறார்கள்.

சுங்கச்சாவடிகள் பதின்மூன்று, பதினைந்து வருடம் வசூலித்துவிட்டு ஓய்ந்தன. மெட்ரோ நிலையப் பட்டியலில் நேரு நகருக்கு அடுத்து கந்தன்சாவடி இருக்கிறது.