கடலில் குழந்தை பார்த்தவர்கள்

உல்லாசக் கப்பலில் விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்கள் காலையில் பிள்ளைகளைச் சிறுவர் மன்றத்தில் விட்டுவிட்டு மதியம் வந்து அழைத்துக்கொள்வது இன்று சாதாரணக் காட்சி. பெரும்பாலான கப்பல்களில் பகல்நேரச் சேவைக்குத் தனிக் கட்டணம் இல்லை. பயணச்சீட்டிலேயே அது அடக்கம். ஆனால் கடலில் குழந்தை பார்க்கும் வேலையைக் கப்பல் நிறுவனங்கள் தம் பொறுப்பாக ஏற்க வெகுகாலம் ஆயிற்று. அதற்கு முன் அந்த வேலையைச் சுமந்தவர்கள் ஆயாக்கள்.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான கடல்வழி பெரிதும் குறுகியது. ஆங்கிலேய அதிகாரிகளின் மனைவிமார் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்வருவது வழக்கமானது. கல்கத்தா, பம்பாய், மதராஸ் துறைமுகங்களில் இந்தக் குடும்பங்களோடு கப்பலேறிய இந்தியப் பெண்கள் வழிநெடுகக் குழந்தைகளைக் குளிப்பாட்டினர், ஊட்டினர், தூங்கவைத்தனர். குமட்டலில் படுத்துவிட்ட தாயையும் அவர்களே கவனித்தனர். கரை சேர்ந்ததும் பலருக்கு வேலை முடிந்துவிடும். திரும்பிப்போகும் சீட்டு கையில் இல்லாமல் லண்டனில் கைவிடப்பட்டவர்களும் உண்டு. அவர்களுக்காகவே கிழக்கு லண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று நடந்தது. முதலில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்த அந்த இல்லம், 1900இல் லண்டன் சிட்டி மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் பொறுப்பில் ஹாக்னியின் கிங் எட்வர்ட்ஸ் சாலைக்கு மாறியது. இந்தியா திரும்பும் வேறொரு குடும்பம் வேலைக்கு அமர்த்தும்வரை அவர்கள் அங்கே காத்திருப்பார்கள். அங்குத் தங்கியவர்களில் ஒருவரான திருமதி அந்தோணி பெரெய்ரா, தாம் 54 முறை கடல் கடந்ததாகச் சொல்லியிருக்கிறார். 2022இல் அந்த ஹாக்னிக் கட்டடத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. கடற்பயணக் குழந்தைப் பராமரிப்பின் வரலாற்றில் முதல் இடம் இந்தப் பெண்களுக்குத்தான் உரியது. 

அட்லாண்டிக் கடலில் நிலைமை வேறு. அங்கே செல்வந்தர்கள் தங்கள் வீட்டுத் தாதியரையே கூட்டிவந்தார்கள். கப்பலின் பங்கு மிகச் சிறிது. 1912இல் புறப்பட்ட டைட்டானிக்கில் முதல் வகுப்பு உடற்பயிற்சிக் கூடத்தைப் பிற்பகல் 1 மணி முதல் 3 மணி வரை குழந்தைகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்த தளந்தான் விளையாட்டுக் களம்.

இந்த அலட்சியத்தை உடைத்தது ஒரு சட்டம். 1924இல் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கடும் உச்சவரம்பு விதித்ததும், கப்பல்களின் கீழ்த்தளங்களை நிரப்பிவந்த ஏழைக் குடியேறிகளின் கூட்டம் வற்றியது. அந்த இடத்தைச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டு நிரப்ப வேண்டிய கட்டாயம் வந்தபோது, குடும்பங்களைக் கவரும் வசதிகள் பெருகின. 1927இல் ஓடத் தொடங்கிய பிரெஞ்சுக் கப்பலான இல் த பிரான்ஸில் குழந்தைகளுக்கென ஒரு குடைராட்டினமே இருந்தது. 1935இல் வந்த நார்மண்டியில் சிறுவர் உணவறைச் சுவர்களைப் பபார் என்ற யானைக் கதைகளை எழுதி வரைந்த ழான் த புருன்ஹாஃப் அலங்கரித்தார். 1936இல் வந்த குயின் மேரியில் மூன்று வகுப்புகளுக்கும் தனித்தனியே குழந்தைகள் அறை அமைந்தது. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் ஓர் அறை கிடைத்தது முன்னேற்றந்தான். ஆனால் விளையாட்டில்கூட ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் சேராதபடி சுவர் எழுப்பிய ஏற்பாடு அது என்பதையும் மறைக்க முடியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அரசு உதவித் திட்டத்தில் குடியேறியவர்களில் பெரியவர்களுக்குக் கட்டணம் 10 பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம். பயணமோ வாரக்கணக்கில் நீளும். பிள்ளைகள் நிறைந்த அந்தக் கப்பல்களில் குழந்தைகள் காப்பறை அன்றாடத் தேவையாகிவிட்டது.

1958 அக்டோபரில் அட்லாண்டிக்கின் குறுக்கே ஜெட் விமானச் சேவை தொடங்கியதும், ஊர் போய்ச் சேர்வதற்கான கப்பல் தொழில் சரிந்தது. ஊர் சுற்றிக் காட்டும் கப்பல் தொழில் அதன் இடத்துக்கு வந்தது. கரீபியக் கடலில் வளர்ந்த இந்தப் புதிய தொழில், தொடக்கத்தில் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்களையே நம்பியிருந்தது.

இதை மாற்றியதில் 1983இல் தொடங்கிய பிரீமியர் குரூஸ் லைன் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஃபுளோரிடாவின் கனாவெரல் துறைமுகத்திலிருந்து மூன்று நான்கு நாள் கடல், மீதி நாள் ஆர்லாண்டோவின் டிஸ்னி உலகம் என ஒரே சீட்டில் ஒரு வார விடுமுறையை அது விற்றது. 1980களின் நடுவில் டிஸ்னியிடம் உரிமம் பெற்று, மிக்கி மவுஸ் முதலிய பாத்திரங்களைக் கப்பலிலேயே உலவவிட்டது. சிவப்பு வண்ணம் பூசிய அந்தக் கப்பல்களைக் குழந்தைகளே பெற்றோரிடம் கேட்டு அடம்பிடிக்கும் அளவுக்கு விளம்பரம் பரவியது. 1990களின் தொடக்கத்தில் ஒப்பந்தம் முடிந்தது. டிஸ்னி தானே கப்பல் கட்ட முனைந்தது. 1998 ஜூலை 30 அன்று டிஸ்னி மேஜிக் முதல் பயணம் புறப்பட்டது. அதில் சூதாட்டக் கூடம் இல்லை. ஏறத்தாழ ஒரு தளம் முழுவதும் பிள்ளைகளுக்கு. குழந்தை அழுதால் கூப்பிடப் பெற்றோர் கையில் பேஜர் கருவி கொடுத்தார்கள். பிரீமியர் 2000இல் நொடித்துப்போனது. ஆனால் அது கண்டுபிடித்த சந்தையை அதற்குள் ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற பெரிய நிறுவனங்கள் எல்லாம் கைப்பற்றியிருந்தன.

இலவசமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில் நிறுவனங்களுக்கு லாபம் தெளிவு. பிள்ளைகளோடு வரும் குடும்பம் ஓர் அறையின் மூன்றாவது, நான்காவது படுக்கையையும் நிரப்புகிறது. பள்ளி விடுமுறைக் காலத்தில் கப்பல் காலியாக ஓடுவதில்லை. பிள்ளைகள் மன்றத்தில் இருக்கும் நேரத்தில் பெற்றோர் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் செலவழிக்கிறார்கள். மன்றங்களில் பழைய வகுப்புவாரிப் பிரிவு மறைந்து வயதுவாரிப் பிரிவு வந்துவிட்டது: 3 வயது முதல் பதின்பருவம் வரை சிறு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனி நிகழ்ச்சி.

நடைமுறையில் கண்டிப்பு அதிகம். பதிவு செய்த குழந்தையின் கையில் பட்டை கட்டப்படும். அபாயச் சங்கு ஒலித்தால் எந்த இடத்தில் குடும்பம் கூட வேண்டும் என்ற குறியீடு பல கப்பல்களில் அதிலேயே இருக்கும். பெயர் கொடுத்த பெரியவர் வந்தால்தான் சிறு பிள்ளைகளை அனுப்புவார்கள். சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, கப்பலில் பயணிகள் எண்ணிக்கையில் 10 சதவீதத்துக்காவது குழந்தை அளவு உயிர்காப்புச் சட்டைகள் இருக்க வேண்டும். அதைவிடக் கூடுதலாகக் குழந்தைகள் ஏறினால், தலைக்கு ஒன்று வீதம் வைக்க வேண்டும். வயிற்றுப்போக்கும் வாந்தியும் உண்டாக்கும் நோரோ வைரஸ் அடைத்த இடங்களில் வேகமாகப் பரவுவதால், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் சிறுவர் அறைகளின் கைகழுவும் வசதி, அணையாடை மாற்றும் இடம் ஆகியவையும் சுகாதார ஆய்வுக்கு உள்ளாகின்றன.

குடும்பங்களை ஈர்க்கும் இந்த உல்லாசக் கப்பல் தொழில் இந்தியக் கரைக்கும் வந்துவிட்டது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசப் பயணம் தொடங்கிய கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990இல் ராயல் கரீபியனுக்காக நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல்.

பல நிறுவனங்களில் ஒரு விதி உண்டு. 3 வயது நிரம்பாத குழந்தையையும், கழிப்பறைப் பழக்கம் வராத குழந்தையையும் இலவச மன்றத்தில் சேர்க்கமாட்டார்கள். சில கப்பல்களில் மட்டும் அவர்களுக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் காப்பகம் உண்டு. அங்கும் இடம் குறைவு. இரவு 10 மணிக்குமேல் பெரிய பிள்ளைகளுக்கும் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கைக்குழந்தையோடு போக நினைப்பவர்கள் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.